மெதுவாகப் போகத் தெரிந்த வண்டி

மோட்டார் சைக்கிளின் அருமை வேகத்தில் தெரியாது, மெதுவாக ஓட்டும்போதுதான் தெரியும் என்பது என் கட்சி. பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்து வளர்ந்தவனுக்கு வேறு கட்சி அமைய வாய்ப்பில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், இரண்டு பக்கமும் திண்ணை, வாசலுக்கு வாசல் கோலம், நடுத்தெருவில் விசுவநாத சுவாமி கோயிலுக்குப் போகும் பாட்டிகள். இங்கே ஆக்ஸிலேட்டரை முறுக்கிக் காட்டினால் சாயங்காலத்துக்குள் அம்மாவின் காதுக்குச் செய்தி போய்விடும். அதனால் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட நாள் முதல் கையை அடக்கித்தான் ஓட்டினோம். அப்படி அடக்கி ஓட்டும்போது சில வண்டிகள் திணறும், வெட்டி வெட்டி இழுக்கும், செயின் தடதடக்கும். சில வண்டிகள் மட்டும் அலட்டிக்கொள்ளாமல் நகரும்.

தெருப் பையன்களுக்கு இது புரிவதில்லை. "மாமா, உங்க புல்லட் எவ்வளவு போகும்?" என்பான் ஒருவன்.

"நூறு போகும். அதையா கேக்கறது? டாப் கியர்ல எவ்வளவு மெதுவாப் போகும்னு கேளுடா அம்பி."

அவன் சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

நான் சொல்லும் புல்லட் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூரில் தொடங்கிய தொழிற்சாலையின் வண்டி. முதலில் இங்கிலாந்தின் ரெடிட்சிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள், பிறகு அச்சும் கருவியும் இங்கேயே வந்தன. இங்கிலாந்தில் கம்பெனி மூடிய பின்னும் திருவொற்றியூரில் அதே எஞ்சின் வந்துகொண்டே இருந்தது. 346 சிசி. பிஸ்டனின் விட்டம் 70 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். குதிரைசக்தி வெறும் 18. காகிதத்தில் பார்த்தால் யாரும் மயங்க மாட்டார்கள். சூட்சுமம் உள்ளே இருக்கும் ஃப்ளைவீலில் இருக்கிறது. நல்ல கனம். எங்கள் ஊர் ரதோற்சவத்தில் வடம் பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தேரை அசைக்க யானை பின்னாலிருந்து முட்ட வேண்டும், அசைந்துவிட்டாலோ நிறுத்த முட்டுக்கட்டை போட வேண்டும். புல்லட்டின் ஃப்ளைவீலும் அப்படித்தான். ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்தாலும் அந்தக் கனம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அந்த இடைவெளிதான் ஊரெல்லாம் புகழும் 'டுப் டுப்'. சைலன்சரை மாற்றி அந்தச் சத்தத்தைப் பெரிதாக்குகிறவர்களுக்கு ரசனை போதாது என்பேன். கேட்க வேண்டியது வெடிப்பை அல்ல, நடுவில் விழும் மௌனத்தை.

கிளப்புவது தனிக் கலை. சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே வர வேண்டும். இக்னிஷன் பாயின்ட் மூடியிருக்கும் வரை ஆம்ப் மீட்டர் முள் இடது பக்கம் சாய்ந்திருக்கும். பாயின்ட் திறக்கும் கணத்தில் முள் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக்கொண்டு பிஸ்டனை இம்மி நகர்த்தி, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதை. ஒழுங்காகச் செய்தால் ஒல்லியான ஆள்கூட வேட்டியை மடித்துக் கட்டியபடி கிளப்பிவிடலாம். பலத்தைக் காட்டப் போனால் கிக்கர் திருப்பி உதைக்கும், கணுக்கால் வீங்கும். கியர் வலது காலில், முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. குதிகாலால் ஒரு சின்ன லீவரை மிதித்தால் எந்த மேல் கியரிலிருந்தும் நேராக நியூட்ரலுக்கு வந்துவிடும். இதைப்போல் வசதியான ஒன்றை வேறு எந்த வண்டியிலும் நான் பார்த்ததில்லை. பிரேக்கைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். முன்னால் போகிற பஸ்ஸின் மனசைப் படித்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

ஒலவக்கோட்டில் ஓர் ஆசான் இருந்தார். ஐட்லிங் வைப்பதில் அவருக்கு இணை கிடையாது. வண்டியை நன்றாகச் சூடேற்றிவிட்டு, கார்புரேட்டரின் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்புவார். எஞ்சின் தானாக வேகம் எடுக்கும் இடம் ஒன்று வரும். உடனே த்ராட்டில் ஸ்க்ரூவைத் தளர்த்தி வேகத்தைக் குறைப்பார். மறுபடி ஏர், மறுபடி த்ராட்டில். கண் மூடியிருக்கும், பீடி அணைந்திருக்கும். கடைசியில் ஹெட்லைட் கூடு ஒவ்வொரு வெடிப்புக்கும் தனித்தனியாகத் தலையாட்டும் நிலை வரும்போது, "சாமீ, மதி, போதும்" என்று ஸ்க்ரூ டிரைவரை வீசிவிட்டு எழுந்துவிடுவார்.

புல்லட்டைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், எடை போட்டு ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் என் ஓட்டு ஜாவாவுக்குத்தான், அதன் பின்பிறவியான எஸ்டிக்கும் சேர்த்து. புல்லட்டுக்குப் போலீஸும் பட்டாளமும் சேர்ந்து ஒரு மிடுக்கைக் கொடுத்துவிட்டன. மைசூரில் ஐடியல் ஜாவா செய்த 250 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு அப்படிப்பட்ட சிபாரிசு எதுவும் கிடைக்கவில்லை. டூ ஸ்ட்ரோக் என்றாலே குறைந்த வேகத்தில் இருமும், அதிக வேகத்தில் கத்தும் என்பது பொதுக் கருத்து. இது விதிவிலக்கு. ஒரே சிலிண்டர், ஆனால் புகை போக இரண்டு வழி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு சைலன்சர். அடியிலிருந்தே இழுக்கும். ஒரே லீவர்தான் கிக்கராகவும் கியராகவும் வேலை செய்யும். கியர் லீவரை அழுத்தினாலே கிளட்ச் விலகிக்கொள்ளும், கையால் பிடிக்க வேண்டியதில்லை. கூட்டத்தில் ஊர்ந்து போகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? 1978-ல் வந்த எஸ்டி ரோட்கிங் இன்னும் கொஞ்சம் துடிப்பு, அதனால் எனக்குக் கொஞ்சம் குறைவு.

நெம்மாறையிலிருந்து நெல்லியாம்பதிக்கு ஏறிப் பார்த்தால் எஸ்டியின் அருமை தெரியும். போத்துண்டி அணை தாண்டியதும் காடு, ஏற்றம், கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாம் கியரில் போட்டால் வளைவுக்கு வளைவு கியரைத் தொட வேண்டியதில்லை. ஏறுவதில் ஒன்றுமில்லை, இறங்குவதில்தான் ஓட்டுபவனுக்குப் பரீட்சை. பெட்ரோலோடு கலந்த ஆயில்தான் இந்த எஞ்சினுக்கு உயிர். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு வந்தால் பெட்ரோல் போகாது, ஆயிலும் போகாது. சக்கரம் சுற்றுவதால் பிஸ்டன் மட்டும் வறண்டு ஓடிக்கொண்டிருக்கும். பிடித்துக்கொண்டால் பின்சக்கரம் அங்கேயே பூட்டிக்கொள்ளும். அதனால் தெரிந்தவர்கள் இறக்கத்தில்கூட நாலு நொடிக்கு ஒரு தடவை ஆக்ஸிலேட்டரை லேசாகத் திறந்து மூடுவார்கள். கீழே போத்துண்டியில் நின்று கேட்டால், மேலே காட்டுக்குள் இறங்குகிறவன் விவரம் தெரிந்தவனா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

ராஜ்தூத் 350-ஐ என் பரீட்சையில் உட்காரவைப்பதே அநியாயம். யமஹா ஆர்டி 350-ன் இந்திய வடிவம், 1983-ல் வந்தது, இரண்டு சிலிண்டர், ஆறு கியர். மெதுவாகப் போகச் சொன்னால் ப்ளக்கில் கரி பிடித்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். முறுக்கினால் மட்டும் பேய். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு, ஆசை இல்லை.

ஆர்எக்ஸ் 100 வேறு கதை. 1985-ல் வந்தபோது 98 சிசியில் 11 குதிரைசக்தி. ஊரில் பாதிப் பேருக்கு இன்றும் அதன் பெயரைச் சொன்னால் கண் கலங்கும். சுறுசுறுப்பில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் மார்கழி தை மாதத்தில் கஞ்சிக்கோடு தாண்டி வாளையார் பக்கம் போய்ப் பாருங்கள். மலைத்தொடர் விட்ட இடைவெளியில் கிழக்குக் காற்று முழுசாக முகத்தில் அறையும். எடை குறைந்த அந்த வண்டி காற்றுக்குத் தலைவணங்கும், கியரைக் குறைத்துக் கதறவிட வேண்டும். அதே காற்றில் புல்லட் சத்தம்கூட மாறாமல் கோயம்புத்தூர் போய்ச் சேரும்.

அதே 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 என் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கும். எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் போகும், எதற்கும் கோபப்படாது, பெட்ரோலை நிரப்பிவிட்டு மறந்துவிடு என்று விளம்பரமே சொன்னது. நானும் மறந்துவிட்டேன். ரசிக்க அதில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வார்ப்பிரும்பு எஞ்சின் 2010 வாக்கில் முடிந்தது. 2021-ல் வந்த புதிய கிளாசிக் 350-ஐக் குறை சொல்லத் தயாராகத்தான் ஏறினேன். முடியவில்லை. பிஸ்டன் ஓடும் தூரம் 85.8 மில்லிமீட்டர், கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்திருக்கிறது, அதிர்வு ஏறக்குறைய இல்லை, மெதுவாக அழகாகப் போகிறது. ஆம்ப் மீட்டர் முள் மட்டும் இல்லை. தினம் ஆபீஸ் போகிறவன் இதை வாங்கலாம், தப்பில்லை.

பழசுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விற்பவர் ஹைவேக்கு அழைத்துப் போகப் பார்ப்பார், போகாதீர்கள். ஆள் நடமாட்டமுள்ள ஒரு தெருவில் மூன்றாம் கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரைக் கிட்டத்தட்ட விட்டுவிடுங்கள். செயின் அடிக்கிறதா, வண்டி குலுங்கிக் குலுங்கி நகர்கிறதா என்று பாருங்கள். அடித்தால் பாயின்ட், கார்புரேட்டர், பின்சக்கர ஹப் ரப்பர், செயின் ஸ்ப்ராக்கெட் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு விலையைக் குறையுங்கள். அடிக்கவில்லை என்றால் பேரம் பேசி நேரத்தை வீணாக்காமல் ஆர்சி புக்கை வாங்கிப் பார்க்க ஆரம்பியுங்கள்.