விலை கூறும் குரல்

அகநானூறு 140இல் அம்மூவனார் காட்டும் உமணப் பெண் சேரியில் கூவி உப்பு விற்கிறாள். அவளைக் கண்ட ஆண் தன் காதல் துயரையே சொல்கிறான்; அன்று அவளுக்கு எவ்வளவு நெல் கிடைத்தது என்பது பாட்டில் இல்லை.

சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021இல் நாஸ்டாக்கில் ஏறியது. பங்கு வைத்திருந்த ஊழியர்கள் பலர் கோடீஸ்வரரானார்கள். அந்தக் கதையைக் கேட்டு மஞ்சக்குப்பத்திலிருந்து மென்பொருள் விற்கப் போகும் பெண் தொடக்கத்தில் எதையும் விற்பதில்லை. அமெரிக்கப் பகலுக்காக இரவில் விழித்து, முன்பின் தெரியாதவர்களை அழைத்து, மறுப்புகளைக் கேட்டு, சந்திப்புக்கு நேரம் வாங்குகிறாள். ஒப்பந்தத்தை முடிப்பவர் வேறொருவர். பெரிய ஊக்கத்தொகையும் பெரும்பாலும் அவருக்கே.

‘நல்ல குரல்’ என்று பாராட்டி அவளை அழைப்பிலேயே நிறுத்துவதும் அந்தப் பழைய பார்வைதான். ஒப்பந்தம் முடிக்கும் இடத்துக்கு அவள் எப்போது போவாள் என்பதைச் சேரும் நாளிலேயே எழுத்தில் கேட்க வேண்டும்.