மாயப் பள்ளியும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

இளையோர்க்கான நூல் ஒன்றை எடைபோடும்போது, அது நல்லதா தீயதா என்று வினவுமுன், பிள்ளைகள் அதைக் கீழே வைக்க ஏன் மறுக்கின்றனர் என்று வினவுவதே முறையாகும். ஜே. கே. ரௌலிங் 1997-இல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட நாவல், பி. எஸ். வி. குமாரசாமியின் மொழிபெயர்ப்பில் ‘ஹாரி பாட்டரும் இரசவாதக் கல்லும்’ என்னும் பெயரில் நம் மொழிக்கு வந்துள்ளது. முதலில் வெறும் 500 படிகளாக அச்சேறிய நூல் உலகையே சுற்றி வந்ததற்கு மந்திரக்கோல் மட்டும் காரணமன்று.

கதைத் தலைவன் ஓர் எத்தீம். தாயின் உடன்பிறந்தவள் வீட்டில், மாடிப்படியின் கீழுள்ள இருட்டறையில் உறங்குகிறான். பதினோராம் வயதில் அவனுக்கொரு கடிதம் வருகிறது. முகவரியில் அந்த இருட்டறையும் குறிக்கப்பட்டிருக்கிறது! வீட்டில் ஒருவரும் பொருட்படுத்தாத பிள்ளை எங்கே படுக்கிறான் என்பதை எங்கோ ஒருவர் அறிந்திருக்கிறார். பதின்பருவத்தினரைப் பற்றி இழுப்பது இந்த இடமே. பறக்கும் துடைப்பம் அதற்குப் பின்னர்தான்.

ஒரத்தநாட்டுப் பிள்ளைக்கு இங்கிலாந்து விடுதிப்பள்ளி அந்நியமாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டாம் சரபோஜி மன்னர் முத்தம்பாளின் நினைவாக எழுப்பிய சத்திரம் இவ்வூரில்தான் உள்ளது. அங்கே மாணவர்க்கு உணவும் கல்வியும் ஒருசேர வழங்கப்பட்டன. வீட்டைப் பிரிந்து, தகரப்பெட்டியோடு மத்ரஸாவுக்கோ விடுதிக்கோ சென்ற பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் உண்டு. முதல் இரவின் அச்சத்தையும் முதல் தோழமையின் இனிமையையும் அவர்களுக்கு எவரும் உரை எழுதி விளக்க வேண்டியதில்லை.

நூலின் உச்சம், உள்ளத்தின் ஆசையைக் காட்டும் கண்ணாடி. இறந்த பெற்றோரை அதில் கண்ட சிறுவன் இரவுதோறும் அதன்முன் சென்று அமர்கிறான். தலைமையாசிரியர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் கண்ணாடியை அப்புறப்படுத்திவிடுகிறார். அத்தா வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்க, கைப்பேசித் திரையில் அவர் முகத்தைக் கண்டு வளரும் பிள்ளை இவ்வத்தியாயத்தை எவ்வாறு படிப்பான் என்று பெற்றோர் எண்ணிப் பார்க்கட்டும். தொட இயலாத முகத்தின் ஏக்கத்தை இத்துணை எளிமையாகச் சொன்ன இளையோர் நூல்கள் மிகச் சில.

இனி, சூனியம் பற்றிய அச்சம். நம் பெரியோர் இதில் எச்சரிக்கையாய் இருப்பதை நாம் எள்ளி நகையாடமாட்டோம். ஹாரூத், மாரூத் வரலாறு அறிந்த சமுதாயம் அது. ஆயினும் இந்நாவலின் மாயம் எவரும் வீட்டில் செய்து பார்க்கத்தக்கதன்று. அது கதைக்கு வாய்த்த வாகனம். ஆயிரத்தொரு இரவுகளின் ஜின்களையும், ‘நூறு மசலா’வின் புதிர்க்கதையையும் கேட்டு மகிழ்ந்த முன்னோர் ஈமானை இழந்துவிடவில்லையே. (தகட்டையும் தாயத்தையும் விலைக்கு விற்போரைத் திண்ணையில் அமர்த்தி உபசரிக்கும் வீடுகளில் இந்நூலுக்குத் தடை விதிப்பது சற்று வேடிக்கையே.)

நமக்குள்ள குறை வேறு. பதினோரு வயதிலேயே ஒரு தொப்பி பிள்ளைகளை நான்கு இல்லங்களாகப் பிரித்து, ஓர் இல்லத்தார் பெரும்பாலும் கெட்டவர் என்று முத்திரையிடுவது சரியன்று. வளர்ப்புக் குடும்பமும் கேலிச்சித்திரமாய் நின்றுவிடுகிறது. அவர்களுக்கும் ஒரு மனம் உண்டென்று ஆசிரியர் இம்முதல் நூலில் காட்டவில்லை. மாறாக, தன் நண்பர்களையே எதிர்த்து நின்ற கோழைப்பிள்ளை நெவிலுக்குக் கிடைக்கும் பத்து மதிப்பெண், கதைத்தலைவன் பெற்ற அறுபதைவிட நம் நெஞ்சில் நிற்கிறது.

தமிழிலேயே பிறந்த இத்தகு நாவல் இல்லாமலில்லை. தினமணியின் சிறுவர்மணியில் தொடராக வந்த ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கக் கொடுத்தால் பிள்ளைகளே ஒப்பிட்டுக்கொள்வர்.

ஏழு பாகங்கள் கொண்ட இவ்வரிசை 2007-இல் முடிவுற்றது. நான்காம் பாகத்தில் ஒரு மாணவன் கண்முன்னே கொல்லப்படுகிறான். அதன்பின் கதை இருண்டுகொண்டே செல்கிறது. முதல் மூன்றைப் பன்னிரண்டு வயதினர் கையில் தயங்காது தரலாம். நான்காவதை அன்னையர் முதலில் தாம் படித்துவிட்டுத் தருவது நலம்.