அடக்கிய மூச்சின் அர்த்தங்கள்

ஆங்கிலத்தில் மூச்சை வைத்துப் பிறந்த மரபுத்தொடர்கள் ஏராளம். சேர்த்துப் பார்த்தால் மூன்று வகை தெரிகிறது. முதல் வகையில் மூச்சு ஒரு சேமிப்பு; காது கொடுக்காதவரிடம் பேசி அதை வீணாக்கக் கூடாது. 1813-இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில், பாடப்போகும் எலிசபெத் இதைத்தான் நினைவூட்டுகிறாள்: மூச்சைக் கஞ்சி ஆற்ற வைத்துக்கொள்ளச் சொல்லும் பழமொழியைச் சொல்லி, தன் மூச்சு பாட்டுக்கு என்கிறாள். இரண்டாம் வகையில் மூச்சு நெருக்கத்தைக் காட்டும்: பிடரியில் மூச்சு படும்படி நிற்பவர், துரத்திவரும் போட்டியாளர் அல்லது நச்சரிக்கும் மேலதிகாரி. மூன்றாம் வகையில் அது காத்திருப்பைக் குறிக்கும். இந்த மூன்றாவதே மிகச் செழுமையானது.

‘ஹோல்ட் யுவர் பிரெத்’ என்பதை எடுத்துக்கொள்வோம். எக்ஸ்ரே அறையில் அது நேர்ப்பொருளில் வரும்: மூச்சை இழுத்துப் பிடியுங்கள். தேர்தல் முடிவுக்கு முன் ஒரு நாடே மூச்சை அடக்கியிருப்பதாக எழுதினால், ஆவலும் அச்சமும் கலந்த காத்திருப்பு. இதற்கு உடலே சாட்சி. எதிர்பாராத சத்தம் கேட்டதும் நாம் அசையாமல், மூச்சை நிறுத்திக் காது கொடுக்கிறோம்.

ஆனால் இரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற, மூளை அடுத்த மூச்சைக் கேட்டு நெருக்கும். பயிற்சியில்லாதவரால் ஓரிரு நிமிடத்துக்கு மேல் தாங்க முடியாது. எதிர்மறை வடிவமான ‘டோன்ட் ஹோல்ட் யுவர் பிரெத்’ இந்த எல்லையிலிருந்தே பொருள் பெறுகிறது: நீ காத்திருப்பது அவ்வளவு சீக்கிரம் வராது. இங்கே யார் சொல்கிறார் என்பதே முக்கியம். வீட்டுக்காரர் கூரையைச் சரிசெய்வதாகச் சொன்னதை நம்பும் குடித்தனக்காரரிடம் நண்பர் சொன்னால், அது அக்கறையான எச்சரிக்கை. மன்னிப்பு கேட்பாயா என்றவரிடம், கேட்க வேண்டியவரே சொன்னால், முகத்திலடித்த மறுப்பு.

‘பேட்டட் பிரெத்’ இன்னும் தொலைவு பயணப்பட்டிருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ முதலில் அச்சானது 1600-இல். தன் மேல் காறித் துப்பிய அன்டோனியோவே கடன் கேட்டு வரும்போது, அடிமைபோல் குனிந்து, மூச்சடங்கிய குரலில் பணிந்து பேச வேண்டுமா என்று ஷைலாக் குமுறுகிறான். அங்கே அது அவமதிக்கப்பட்டவனின் அடங்கிய குரல். இன்று அதே தொடர் ஆவலோடு காத்திருப்பவர்களுக்கு வழங்குகிறது.

தமிழில் எழுதுபவர் இங்கே கவனமாக இருக்க வேண்டும். நமக்கு மூச்சைப் பிடிப்பது பெரும்பாலும் முயற்சி: சடுகுடு பாடிச் செல்பவனும், மூட்டை தூக்கத் தம் கட்டுபவரும் செய்வது அது. காத்திருப்பை நாம் கண்ணிடம் ஒப்படைத்திருக்கிறோம். வழிமேல் விழி வைக்கிறோம், கண் பூத்துப் போகக் காத்திருக்கிறோம். ஆகவே நண்பரின் எச்சரிக்கையை ‘மூச்சை அடக்காதே’ என்று எழுதினால் வாசகர் திகைப்பார். ‘அவர் சொன்னதை நம்பி உட்கார்ந்திருக்காதே’ என்றால் அக்கறையும் அவநம்பிக்கையும் ஒருசேர வந்துவிடும். அகராதி சொற்பொருளைத் தரும். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் உள்ள உறவை வாசிப்பவர்தான் கண்டுகொள்ள வேண்டும்.