எட்டயபுரம் வமிசாவளி: அரண்மனை எழுதுவித்த வரலாறு

வமிசாவளி என்பது ஓர் ஆளும் குடும்பம் தன் வரலாற்றைத் தானே எழுதுவித்துக்கொள்ளும் முறை. முதல் தலைவன் எந்த ஊரிலிருந்து வந்தான், எந்த மன்னரிடம் என்ன விருது பெற்றான், அவனுக்குப் பின் பட்டத்துக்கு வந்தவர்கள் யார், யார் எந்தக் கோயிலுக்கு என்ன செய்தார்கள் என்ற வரிசையில் அது நடக்கும். கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல்காட்டில் இம்முறையின் முழுமையான வடிவம் எட்டயபுரம் ஜமீனுக்கு வாய்த்தது. சுவாமி தீட்சிதர் எழுதி 1879-இல் அச்சான ‘வம்சமணி தீபிகை’ அந்த நூல்.

வமிசாவளிகள் வெறும் குலப்பெருமைக்காகத் தோன்றியவை அல்ல. 16-ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் ஆட்சி நாட்டை எழுபத்திரண்டு பாளையங்களாக வகுத்தபோது, பாளையக்காரரின் உரிமை காவலிலும் படையிலும் இருந்தது. நாயக்கர் போய் ஆர்க்காட்டு நவாப் வந்து, 1801-இல் அவருடைய கர்நாடக நாடு கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்குப் போனதும் அந்த உரிமைக்கு ஆதாரம் கேட்கப்பட்டது. கும்பெனியின் நில அளவையாளர் காலின் மெக்கன்சி தென்னாடு முழுவதும் ஆள் அனுப்பிப் பாளையப்பட்டுகளின் வமிசாவளிகளைத் திரட்டியதும் அதே காலம்தான். எனவே இவ்வகை எழுத்து பாதி வரலாறு, பாதி விண்ணப்பம். ‘இந்த மண் எங்களுக்கு எப்படி வந்தது’ என்ற கேள்விக்குச் சொல்லும் பதிலாகவே அதன் ஒவ்வொரு பகுதியையும் படிக்க வேண்டும்.

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல. ஜப்பானின் தோக்குகாவா ஆட்சி தனக்குக் கீழ்ப்பட்ட பிரபுக் குடும்பங்களிடமிருந்து வமிச வரலாறுகளை எழுதி வாங்கியது. 1643-இல் ஒரு தொகுப்பும் 1812-இல் அதைவிடப் பெரிய தொகுப்பும் முடிந்தன. தோக்குகாவா குடும்பமே தன்னைப் பழைய மினமோத்தோ குலத்தின் கிளையாகக் காட்டிக்கொண்டது. அந்த உறவை இன்றைய வரலாற்றாசிரியர் பலர் ஏற்பதில்லை. வாளால் பெற்ற பதவிக்குப் பின்னால் ஒரு பழைய குலத்தை நிறுத்தும் தேவை அங்கும் இருந்தது.

எட்டயபுரத்தார் காட்டிய வேர் சந்திரகிரி. அங்கிருந்து விஜயநகரம் சென்ற முன்னோர் ஒருவர், அரண்மனை வாயிலில் நின்ற சோமன் என்னும் வீரனை வென்று கொன்றார். ஆதரவற்று நின்ற அவனுடைய எட்டுத் தம்பியருக்கும் தானே தகப்பனானார். அதனால் எட்டப்பன் என்று பெயர் பெற்றார் என்பது மரபு. பேரரசரின் கண்முன் ஒரு வீரச்செயல், அதற்குப் பரிசாக ஒரு பெயரும் விருதும் என்ற இந்த அமைப்பு மற்றப் பாளையங்களின் வமிசாவளிகளிலும் திரும்பத் திரும்ப வருகிறது. ஓரிடத்தில் மல்லன், ஓரிடத்தில் புலி. நிகழ்ச்சி நடந்ததா என்று தேடினால் கையில் ஒன்றும் கிடைக்காது. ஆனால் கொன்றவனே கொல்லப்பட்டவனின் தம்பியரை வளர்த்தான் என்று ஒரு குடும்பம் தன் பெயருக்கு விளக்கம் சொல்வதில், ஆளும் தகுதியை அது எதில் கண்டது என்பது தெரிகிறது. வமிசாவளியின் பயன் இத்தகைய இடங்களில் உண்மையானது.

அதைவிடப் பெரிய பயன் 18-ஆம் நூற்றாண்டைப் பற்றியது. ‘எட்டப்பன்’ என்ற சொல் தமிழில் இன்று காட்டிக்கொடுப்பவனைக் குறிக்கிறது. 1959-இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படம் அதை ஊர்தோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. இந்த வசைக்குள் அடங்காத செய்தி ஒன்றை அரண்மனை மரபு காத்து வைத்திருக்கிறது. 1750-களில் கும்பெனியின் தளபதி யூசுப்கான் வரி வாங்கப் படையுடன் வந்தபோது எட்டயபுரம் எதிர்த்து நின்றது. அதற்காகப் போரிட்ட கட்டாலங்குளம் அழகுமுத்துக்கோன் பிடிபட்டுப் பீரங்கி வாயில் வைத்துச் சுடப்பட்டார். அவருடைய வரலாற்றை மீட்டெடுத்தவர்கள் பெரிதும் நம்பியது எட்டயபுரத்து ஏட்டைத்தான். ஒரு தலைமுறையில் எதிர்த்த அதே குடும்பம் மறு தலைமுறையில் கும்பெனியோடு சேர்ந்தது. ஏன் என்று கேட்பதற்கே வமிசாவளி வேண்டியிருக்கிறது.

1799-இல் நடந்ததையும் சரியாகச் சொல்ல வேண்டும். பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் எல்லைத் தகராறு முன்பே முற்றியிருந்தது. மேஜர் பானர்மேனின் படையெடுப்பில் எட்டயபுரம் கும்பெனிப் பக்கம் நின்றது. கோட்டையை விட்டு வெளியேறிய பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனைத் துரத்தவும் அதன் ஆட்கள் போனார்கள். ஆனால் அவரைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சியோடு ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகிய பாளையங்களும் பறிபோயின. பறித்த நிலத்தில் ஒரு பங்கு எட்டயபுரத்துக்கு வந்தது. செய்யாத ஒன்றுக்காக எட்டப்பன் பெயர் வசையானது அநியாயம்; செய்த உதவிக்குக் கூலியாக நிலம் வந்ததும் உண்மை. இரண்டையும் ஒருங்கே சொல்லும் நெஞ்சு அரண்மனை ஏட்டுக்கும் இல்லை, திரைப்படத்துக்கும் இல்லை.

இம்முறையின் பெருங்குறை இங்கேதான் தொடங்குகிறது. வமிசாவளி எழுதுவிக்க அரண்மனை நிலைத்திருக்க வேண்டும். 1801-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. கட்டபொம்மன் குடும்பத்தின் வழிவந்தவர்கள் சிதறினார்கள். அவர்களுடைய வரலாறு உடுக்கையிலும் கூத்திலும் கதைப்பாடலாக வாழ்ந்தது; நா. வானமாமலை போன்றோர் பின்னர் அதைப் பதிப்பித்தனர். வென்றவர் பக்கம் ஏடு, தோற்றவர் பக்கம் பாட்டு என்று ஒரே போரின் நினைவு இரண்டாகப் பிரிந்தது. 1974-இல் அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக்கோட்டை எழுப்பியபோது பாட்டின் பக்கம் வலுத்தது. எட்டயபுரத்து அரண்மனையோ பழுதுபட்டு நிற்கிறது.

கலைக்கு எட்டயபுரம் செய்தது வமிசாவளியின் துணையின்றியே நிலைபெற்றிருக்கிறது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் இந்த ஊர் அவையைச் சேர்ந்தவர். முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் இங்கேதான் காலமானார். அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் அரண்மனை வித்துவான். பாலுசாமியின் தத்துப்பிள்ளை சுப்பராம தீட்சிதர் அரண்மனை ஆதரவில் 1904-இல் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ இல்லாவிட்டால் முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளில் பெரும்பகுதிக்கு நம்பகமான பாடம் கிடைத்திராது. மழையை நம்பிக் கம்பும் சோளமும் பருத்தியும் விளைந்த காட்டிலிருந்து வந்த வரிப்பணம் இத்தகைய நூலாகவும் ஆனது என்பதை மறுப்பதற்கில்லை.

அந்த வரியைக் கொடுத்த உழவர்களான சம்சாரிகளுக்கு இவ்வகை எழுத்தில் இடமே இல்லை. தீபிகை அச்சேறிய 1879, தாது வருடப் பஞ்சம் ஓய்ந்த மறு ஆண்டு. 1876-லேயே கரிசல்காட்டுப் பருத்தியைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுபோக ரயில் வந்து, கோவில்பட்டி சந்தை ஊராக வளரத் தொடங்கியிருந்தது. பட்டத்தையும் தானத்தையும் வரிசைப்படுத்தும் வடிவத்தில் பஞ்சம் வருவதென்றால் அரசரின் தர்மமாகத்தான் வரமுடியும். செத்தவர் கணக்காக வராது. ஜமீனுக்கு உட்பட்ட கழுகுமலையில், தேர் வீதியில் ஊர்வலம் போகும் உரிமை நாடார்களுக்கு உண்டா என்ற தகராறு முற்றி 1895-இல் கலவரமாகி உயிர்கள் போயின. ஜமீன் மேலாளரும் அதில் கொல்லப்பட்டார். அதை அறிய நீதிமன்றப் பதிவுகளையும் சர்க்கார் கடிதங்களையும்தான் நாட வேண்டும்.

ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் வந்ததும் வமிசாவளியின் விண்ணப்பப் பாதி காலாவதியானது. ஜப்பானில் பழைய பிரபுக்களின் வழிவந்தோருக்கு 1884-இல் கொடுத்த பட்டங்கள் 1947-இல் நீங்கியதும் இதை ஒத்ததே. நிலத்துக்கு ஆதாரமாக எழுதியது பழைய காலத்துக்கு ஆதாரமாக மட்டும் மிஞ்சியது.

தீபிகையின் குறையைக் கண்டவர் எட்டயபுரத்திலேயே பிறந்து, அந்த அவையில் ‘பாரதி’ பட்டம் பெற்றவர். 1919 ஆகஸ்டில் சுப்பிரமணிய பாரதி மன்னருக்குக் கடிதம் எழுதி, தீபிகையின் நடை பிழை மலிந்தது என்றும் அதை நல்ல தமிழில் திருத்தி எழுதித் தருவதாகவும் கேட்டுக்கொண்டார். அரண்மனை அந்த வேலையை அவருக்குத் தரவில்லை. பாரதி ஆய்வாளர் இளசை மணியன் 2008-இல் தீபிகையை மறுபதிப்பாக்கியபோது 1879-ஆம் ஆண்டின் பழைய நடையிலேயே அது வெளிவந்தது.