அணைக்கட்டும் நாவலும்

சென்ற கோடையில் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் இரண்டு நாள் தங்கினேன். கையில் வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’. ஆனந்த விகடனில் தொடராக வந்து, 2003-ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்ற நாவல். வைகை அணைக்காகத் தன் ஊரையே இழக்கும் பேயத்தேவர் என்ற குடியானவரின் கதை.

முடித்தபோது கண் கலங்கியது. பிறகு எழுந்துபோய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். இலையில் சோறு விழுந்ததும் ஒரு சங்கடம். 1958-ல் கட்டி முடித்த சாத்தனூர் அணையின் கால்வாய்ப் பாசனத்தில் விளைந்த நெல்லை விற்றுத்தான் என் தகப்பனார் என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். அணையால் பிழைத்த கட்சி நான். பேயத்தேவருக்காக அழ எனக்கு என்ன பாத்தியதை?

நாவலின் பலம், நஷ்டத்தை மொத்தமாகச் சொல்லாததுதான். சர்க்கார் அறிக்கை ஒரே வரியில் தாண்டிப்போகும் இடத்தில் வீடு, நிலம், மாடு, உறவு என்று ஒவ்வொன்றின் முன்னும் ஆசிரியர் நம்மை நிறுத்துகிறார்.

குறையும் உண்டு. ஊரை மூடிய தண்ணீர் பிறகு எங்கே போயிற்று? மதுரைக்காரர் குடிப்பது அதைத்தான். கீழ்ச்சீமை வயல்களுக்குப் பாய்வதும் அதுதான். அவர்களில் ஒருவரும் பேயத்தேவருக்கு எதிரே வந்து உட்காருவதில்லை.

மலைக்காரப் பெரியவர் ஒருவர் இதையே வேறு விதமாகச் சொன்னார்: “இங்க பெய்யுற மழைதானுங்க செய்யாறா இறங்கிப் போவுது. குப்பநத்தத்துல அணை போட்டுத் தேக்குறாங்க. கீழ நெல்லு, எங்களுக்குச் சாமை.”

மறுநாள் செங்கம் வழியாகச் சாத்தனூர் போனேன். உயரம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. கணக்கு ஒழுங்காகவே இருக்கிறது. ஆனால் 2024 டிசம்பர் 2 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், அங்கிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டபோது, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் தென்பெண்ணைக் கரை ஊர்கள் வெள்ளத்தில் தத்தளித்தன. அணையே இல்லாவிட்டாலும் வெள்ளம் வந்திருக்கும், வாஸ்தவம். அந்த ஊர்க்காரர்களுக்கு அது ஆறுதலாகுமா?

லாபத்தில் நஷ்டத்தைக் கழித்து மீதி காட்டுவது வியாபாரிக்குச் சரி. லாபம் ஒருவருக்கும் நஷ்டம் இன்னொருவருக்கும் என்றால் கழித்தல் செல்லாது. அணை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சோற்றைத் தின்றவன். கடன்பட்டதையாவது ஒப்புக்கொள்ளலாம்.

பேயத்தேவரையும் என் தகப்பனாரையும் ஒரே திண்ணையில் உட்காரவைக்கும் நாவல் ஒன்று வேண்டும். நீரே எழுதலாமே என்பீர்கள். இரண்டு முறை ஆரம்பித்தேன். கிழவர் கேட்கும் முதல் கேள்விக்கே என் தகப்பனாருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.