திரும்பி வந்தவர்களின் சாட்சியம்

அந்தியேட்டிக்குப் போனால் கையில் ஒரு நினைவுமலர் தருவார்கள். தேவாரம், திருவாசகம், வம்சாவளி, நன்றி நவிலல் என்ற அதன் ஒழுங்கு எமக்கெல்லாம் மனப்பாடம். சென்ற மாரியில் றிச்மண்ட் ஹில்லில் எமக்குக் கிடைத்த மலரொன்றில் இவற்றோடு புதிதாக நான்கு பக்கங்கள் சேர்ந்திருந்தன. செத்துப் பிழைத்தவர்கள் இருண்ட சுரங்கவழியால் போய்ப் பேரொளியொன்றைக் கண்டிருக்கிறார்களாம். ஆகவே கடவுள் உண்டு, ஒவ்வொரு உயிர் வாழ்வதற்கும் ஒரு நோக்கம் உண்டு. எழுதியவர் பெயர் இல்லை. துக்கவீட்டில் ஆறுதல் சொல்ல எவரும் எதையும் எடுத்தாளலாம். அதைக் குறைசொல்ல நாம் வரவில்லை. அந்த ‘ஆகவே’யில்தான் எமக்குத் தகராறு.

அப்பக்கங்களின் மூலம் றேமண்ட் மூடி 1975இல் எழுதிய ‘வாழ்வுக்குப் பின் வாழ்வு’. முதலில் தத்துவமும் பிறகு மருத்துவமும் படித்த அமெரிக்கர் அவர். ஏறக்குறைய 150 பேரின் அனுபவங்களைத் திரட்டி, அவற்றிலிருந்து ஒரு மாதிரிக் கதையைப் பின்னினார்: இரைச்சல், சுரங்கம், தன் உடலைத் தானே மேலேயிருந்து பார்த்தல், ஒளியுருவான ஒருவர், வாழ்ந்த வாழ்வு கண்முன்னே ஓடுதல், ஒரு எல்லை, திரும்புதல். இத்தனையையும் ஒருவரே முழுமையாகச் சொன்னதில்லை என்பதை அவர் ஒளிக்கவில்லை. மறுமைக்கு இது நிரூபணம் என்றும் அவர் அந்நூலில் வாதிடவில்லை. நினைவுமலர்க்காரர் இந்த இரண்டு இடங்களையும் ஒரே பாய்ச்சலில் தாண்டிவிட்டார்கள்.

அவர்கள் தாண்டிய இன்னொன்றும் உண்டு. அது எமக்கு மிக அண்மையில் இருப்பது. பெங்களூரைச் சேர்ந்த சத்வந்த் பஸ்ரிச்சாவும் அமெரிக்காவின் இயன் ஸ்டீவன்சனும் 1986இல் இந்தியாவில் இவ்வாறு பிழைத்த 16 பேரின் கதைகளை வெளியிட்டார்கள். அங்கே சுரங்கமும் இல்லை, உடலை மேலேயிருந்து பார்ப்பதும் இல்லை. தூதர் வருகிறார்கள், இழுத்துப் போகிறார்கள், பேரேட்டோடு ஒருவர் இருக்கிறார். பெயரைப் பார்க்கிறார். ஆள் மாறிவிட்டது! ‘இவனை ஏன் கொண்டு வந்தீர்கள், கொண்டுபோய் விடுங்கள்’ என்று ஏசி அனுப்புகிறார். அமெரிக்கர் திரும்புவது முடிக்காத கடமை இருப்பதனால், அல்லது உறவினர் போகச் சொன்னதனால். எங்கள் பக்கத்தார் திரும்புவது எழுதுவினைஞரின் பிழையால். எமது மறுமை ஒரு கச்சேரி. கடோபநிடதத்தில் நசிகேதன் யமன் வீட்டுக்குப் போனபோதுகூட உரியவர் வீட்டில் இல்லை. பிள்ளை மூன்று இரவு வாசலில் காத்திருக்கவேண்டி வந்தது.

சிரிக்கலாம். ஆனால் பெயர் மாறாட்டம் என்பது எமது சனத்துக்குச் சிரிப்பான காரியமல்ல. சாக்கால் முகம் மூடிய தலையாட்டியின் முன்னால் வரிசையில் நின்றவர்களுக்கும், அடையாள அட்டையைச் சோதனைச்சாவடியில் கொடுத்துவிட்டு மற்றவன் கையிலிருந்த பட்டியலையே பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கும் அந்தப் பேரேடு தெரியும். அவ்விருவர் திரட்டிய கதைகள் சிலவற்றில், பிழைத்தவர் கண்விழித்த கையோடு அதே பெயருள்ள வேறொருவர் இறந்துபோகிறார். திரும்பி வந்தவரின் கதை எமக்குக் கிடைக்கிறது. மற்றவரின் கதையை யார் சொல்வது? இவ்வகை நூல்கள் அனைத்தினதும் அடிப்படைக் குறை இதுதான் என்பது எமது அபிப்பிராயம். வாழ்வின் நோக்கம் பற்றிய சாட்சியத்தைத் தப்பியவரிடம் மட்டுமே வாங்கினால், தப்பியதே நோக்கம் என்றுதான் அது முடியும்.

தமிழில் இதற்கொரு மறுப்பு முன்னரே இருக்கிறது. 1896 யூலையில் மதுரையில், சிற்றப்பாவின் வீட்டு மாடியில், வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையனுக்கு நோய்நொடி எதுவுமில்லாமல் திடீரென்று மரணபயம் பிடிக்கிறது. வைத்தியரைக் கூப்பிடவில்லை. பிணம்போல் விறைத்துப் படுத்து, வாயை மூடி, மூச்சையடக்கி, செத்தது எது என்று பார்க்கிறான். ஆறு வாரத்தில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, செப்டெம்பர் 1ஆம் திகதி திருவண்ணாமலையில் நிற்கிறான். ரமணரின் இந்த அனுபவத்தில் சுரங்கம் இல்லை, தூதர் இல்லை, திருப்பி அனுப்பியவரும் இல்லை. ஒருவரும் அனுப்பாதபடியால் ‘நான் தெரிவு செய்யப்பட்டவன்’ என்ற பெருமையும் இல்லை.

இதைப் பரவலாக்கியது பி.வி. நரசிம்ம சுவாமி 1931இல் ஆங்கிலத்தில் எழுதிய வரலாறு. அதிலே ரமணர் ‘நான், நான்’ என்று விரிவாகச் சொல்லிக்கொண்டு போகிறார். ஆனால், சொன்ன சொற்கள் அப்படியே பதியப்படவில்லை, அவர் ‘நான்’ என்று குறிப்பிட்டுப் பேசுவது அரிது என்று குறித்துவைத்தவரும் அதே நரசிம்ம சுவாமிதான். தமிழில் ‘பயம் வந்தது, படுத்தாயிற்று’ என்று ஆளில்லாமலே சொல்லிவிடலாம். ஆங்கிலம் ஆள் கேட்கும். ‘நான் யார்’ என்று கேட்டவரின் வாயில் இலக்கணத்துக்காக ஒரு நானைத் திணிக்கவேண்டி வந்தது! ரமணரின் பதிலும் எம்மைத் திருப்திப்படுத்திவிடவில்லை. சாவது உடல் மாத்திரமே என்பதை மதுரை மாடியில் சொல்லலாம். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் அந்த உடல்களைப் பொறுக்கி மூடியவர்களிடம் சொல்ல எமக்கு நாக்கு வராது.

சாட்சியத்தைக் கேட்பவரும் சேர்ந்தே செய்கிறார் என்பதை நாம் கண்ணால் கண்டோம். எம்மோடு உணவகத்தில் கோப்பை கழுவும் ஒரு அண்ணைக்கு இரண்டு வருடத்துக்கு முன் உருளைக்கிழங்கு மூட்டை தூக்கும்போது இதயம் நின்றுபோனது. நெஞ்சில் அமத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள். பார்க்கப் போனவர்களெல்லாம் ‘என்ன கண்டனீங்கள்?’ என்றார்கள். ‘ஒண்டும் இல்லை, நித்திரை மாதிரி’ என்றார். வந்தவர்களின் முகம் விழுந்துவிட்டது. ஏதோ பரீட்சையில் கோட்டைவிட்டவர்போல அவருக்கும் வெட்கம். ஒரு வருடம் கழித்து, ஒரு வீட்டுப் பூசையில், அவர் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பொய்யர் என்று நாம் சொல்லமாட்டோம். அகதி விசாரணைக்கு வாக்குமூலம் எழுதியவர்கள் நாங்கள். கேட்பவருக்கு விளங்கும் ஒழுங்கில் உயிரைச் சொல்லவேண்டும் என்பது எமக்குத் தெரியாததா?

அவருடைய முதல் பதிலே பெரும்பான்மையின் பதில். ஒல்லாந்தில் வான் லொமெல் குழுவினர் 2001இல் ‘லான்செற்’ சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வில் இதயம் நின்று மீண்டவர்கள் 344 பேர். இத்தகைய அனுபவத்தைச் சொன்னவர்கள் 62 பேர். மிச்சம் 282 பேர் எந்த நினைவுமலரிலும் இடம்பெறுவதில்லை. 2023இல் மிச்சிகனில், செயற்கைச் சுவாசம் நிறுத்தப்பட்ட நால்வரின் மூளையைப் பதிவுசெய்தபோது, இருவரில் சாகும் தறுவாயில் மூளையலைகள் கிளர்ந்தெழுந்தன. அவர்கள் எதையாவது கண்டார்களா என்று கேட்க முடியாது, இருவரும் இறந்துவிட்டார்கள்.

அந்த அண்ணையிடம் நினைவுமலரின் நான்கு பக்கங்களையும் கொடுத்தோம். எண்ணெய்ச் சட்டி கழுவி முடித்தபின், பின்கதவடியில் நின்று வாசித்தார். கடைசி யுத்தத்தில் காணாமற்போன தம்பி ஒருவன் அவருக்கு உண்டு.

“இதிலை செத்த சொந்தக்காரர் வந்து கூட்டிக்கொண்டு போறதெண்டு கிடக்கு,” என்றார். “எனக்கு ஒருத்தரும் வரேல்லை. அப்ப அவன் உயிரோடை இருக்கிறானோ?”

நாம் பதில் சொல்லவில்லை. அவர் மலரை மடித்து, ஜக்கற்றின் உட்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.