காரணத்தையும் சேர்த்து அழிக்கும் ஃபார்மட்

லேப்டாப்பில் ஃபோல்டரைத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது என்று யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வருகிறது: “ஃபார்மட் அடிச்சிடுங்க, எல்லாம்தான் கிளவுட்ல இருக்கே!” முன்பு இதையே, வேறு வழியில்லை என்ற தயக்கத்தோடு சொன்னார்கள். இப்போது இதுதான் நவீனமான முறை என்கிறார்கள். காரணம் தேடி உட்கார்வது நேர விரயம், வாடிக்கையாளருக்கு வேண்டியது ஓடும் கணினியே தவிர விளக்கம் அல்ல என்று நியாயமும் சொல்கிறார்கள். இந்த நியாயத்தை என்னால் ஒருநாளும் ஏற்க முடிந்ததில்லை.

ஃபார்மட்டுக்கு உரிய இடம் உண்டு. வைரஸ் புகுந்த கணினியைச் சுத்தமாகத் துடைத்துப் புதிதாக நிறுவுவதே பாதுகாப்பு. பல வருடக் குப்பை சேர்ந்த கணினி ஃபார்மட்டுக்குப் பிறகு வேகமாக ஓடுவதும் உண்மை. நாளைக்குப் பத்து கணினி பார்க்கும் கடையில் ஒவ்வொன்றுக்கும் அரை நாள் ஒதுக்க முடியாது என்பதும் புரிகிறது. ஆனால் ஃபோல்டர் உறைவது வேறு வகைக் கோளாறு.

உறைந்த விண்டோ பெரும்பாலும் எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறது. மவுஸ் கிளிக்கையும் கீபோர்டையும் கவனிக்கவேண்டிய பகுதி வேறொரு வேலையில் மாட்டிக்கொண்டு 5 விநாடி பதில் சொல்லாவிட்டால், விண்டோஸ் அந்த இடத்தில் ஒரு நகலை வைத்து, தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று எழுதி வெளிற வைக்கிறது. இங்கே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: எதற்காகக் காத்திருக்கிறது?

விண்டோஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் அமைப்பைப் பார்த்தால் இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பது தெரியும். டாஸ்க்பார், டெஸ்க்டாப், திறந்திருக்கும் ஃபோல்டர்கள் எல்லாமே வழக்கமாக ஒரே புரோகிராமின் கீழ் ஓடுகின்றன. ஜிப் மென்பொருள், ஆன்டிவைரஸ், கிளவுட் சிங்க், பிடிஎஃப் ரீடர் என்று நாம் நிறுவும் பலவும் அதற்குள் தங்கள் துண்டு ஒன்றைச் செருகிவிடுகின்றன. ஷெல் எக்ஸ்டென்ஷன் என்பது இதுதான். ரைட் கிளிக் மெனுவில் கூடுதலாக வரும் வரிகள், ஃபைல் மேல் ஒட்டியிருக்கும் பச்சை டிக், வீடியோவின் சிறுபடம் எல்லாம் பெரும்பாலும் இவற்றின் வேலை. ஐகான் மேல் குறி ஒட்டுவதற்கு விண்டோஸ் ஏற்பவை மொத்தம் 15தான். அதில் இடம்பிடிக்கத் தங்கள் பெயருக்கு முன்னால் வெற்றிடங்களைச் சேர்த்து அகரவரிசையில் முந்திக்கொண்ட மென்பொருள்கள்கூட உண்டு. இவற்றில் ஒன்று சிக்கினாலும் பழி எக்ஸ்ப்ளோரர் மேல் விழுகிறது.

இப்படி ஒரு எக்ஸ்டென்ஷன் சிக்கிய கணினியை ஃபார்மட் அடித்தால் சரியாகத்தான் ஓடும், ஏனென்றால் அந்த எக்ஸ்டென்ஷன் இப்போது அங்கே இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோனவர் வேலைக்குத் தேவை என்று அதே மென்பொருளை மறுபடி நிறுவுவார். ஃபோல்டர் மறுபடி உறையும். இரண்டாவது தடவை கடைக்கு வரும்போது, “லேப்டாப் பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க” என்ற ஆலோசனை காத்திருக்கும். நன்றாக இருக்கும் கணினிகள் இப்படித்தான் பரணுக்குப் போகின்றன.

காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணர் வேண்டியதில்லை. ரிசோர்ஸ் மானிட்டரில் உறைந்த புரோகிராம் சிவப்பில் தெரியும். அதில் ரைட் கிளிக் செய்து ‘அனலைஸ் வெயிட் செயின்’ என்பதைக் கேட்டால், அது யாருக்காகக் காத்திருக்கிறது, நெட்வொர்க் பதிலுக்காகவா என்று பல சமயம் அதுவே சொல்லிவிடும். விண்டோஸ் 7 காலத்திலிருந்தே இந்த வசதி இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் மேல் சந்தேகம் என்றால் நிர்சாஃப்ட்டின் ஷெல்எக்ஸ்வியூ என்ற சிறு இலவசக் கருவி போதும். மைக்ரோசாஃப்ட் அல்லாதவற்றை அது இளஞ்சிவப்பில் காட்டும். அவற்றை எல்லாம் நிறுத்திப் பார்த்து, கோளாறு நின்றால், பாதி பாதியாகத் திரும்ப இயக்கினால் குற்றவாளி அகப்படும்.

எல்லாவற்றையும்விட ரிலையபிலிட்டி மானிட்டரைத்தான் நான் மதிக்கிறேன். விஸ்டாவிலிருந்து இருக்கிறது, திறந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு. நாளுக்கு ஒரு கட்டம். எந்தத் தேதியில் எது நிறுவப்பட்டது, எது அப்டேட் ஆனது, எது நின்றுபோனது என்று வரிசையாக இருக்கும். எக்ஸ்ப்ளோரர் பெயரில் சிவப்புக் குறிகள் ஒரு செவ்வாய்க்கிழமை தொடங்குகின்றன, அதற்கு முந்தைய நாள் பிரிண்டர் மென்பொருள் ஏறியிருக்கிறது என்றால், முதலில் விசாரிக்கவேண்டியது எது என்று தெரிந்துவிடும். ஃபார்மட் அழிப்பது இந்த நாட்குறிப்பைத்தான். கோளாறு ஒளிந்துகொண்டது, அதைப் பற்றிய சாட்சியமும் போனது. இதைப் பழுதுபார்த்தல் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

வீடியோக்களில் வரும் ‘பத்து தீர்வுகள்’ பட்டியலும் இதே போக்கின் சிறிய வடிவம். குவிக் ஆக்சஸ் வரலாற்றை அழிப்பது, ப்ரிவ்யூ பேனை மூடுவது, ஃபோல்டரை ‘ஜெனரல் ஐட்டம்ஸ்’ என்று மாற்றுவது எல்லாம் பயனுள்ளவைதான். முதலாவது உதவினால் இல்லாத நெட்வொர்க் டிரைவ் ஒன்று பட்டியலில் ஒட்டியிருந்திருக்கலாம். இரண்டாவது உதவினால் ஏதோ ஒரு ஃபைல் கெட்டிருக்கலாம். அதாவது ஒவ்வொன்றும் ஒரு சோதனை. பத்தையும் ஒரே மூச்சில் செய்யச் சொல்லும்போது அந்தச் சோதனைகள் அத்தனையும் வீணாகின்றன. எது வேலை செய்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

என்னைக் கோபப்படுத்துவது இனிச் சொல்லப்போவது. ஃபோல்டர் உறைவதற்கு ஹார்ட் டிஸ்க் சாவதும் ஒரு காரணம். படிக்க முடியாத செக்டாரை டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது, எக்ஸ்ப்ளோரர் காத்திருக்கிறது. ஈவென்ட் வியூவரில் டிஸ்க் என்ற பெயரில் 7 அல்லது 153 என்ற எண்ணோடு பதிவுகள் விழுந்திருக்கும். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்தால் மஞ்சள் எச்சரிக்கை நிற்கும். இரண்டு நிமிட வேலை. இதைப் பார்க்காமல் ஃபார்மட் அடித்தால் என்ன ஆகும்? விண்டோஸ் நிறுவும்போது நடப்பது வேகமான ஃபார்மட். டிஸ்க் முழுவதையும் அது சோதிப்பதில்லை. புதிய விண்டோஸ் நல்ல செக்டார்களில் அமர்ந்து சில வாரம் ஒழுங்காக ஓடலாம். உரிமையாளர் நம்பித் தன் கணக்குகளையும் படங்களையும் மறுபடி அதிலேயே கொட்டுவார், அதன் பிறகு டிஸ்க் ஒரேயடியாகப் போகும். கிளவுடில் இருக்கிறதே என்பவர்கள் டி டிரைவைத் திறந்து பார்க்கட்டும். கல்யாண ஆல்பமும், டேலி பேக்கப்பும், பிள்ளைகளின் ப்ராஜெக்டும் பல வீடுகளில் அங்கேதான் கிடக்கின்றன.

காரணம் தெரியாமலே சரிசெய்தால் போதும் என்ற வாதம் இந்த இடத்தில் முழுக்க உடைகிறது. ஒரே அறிகுறி, ஒருவருக்கு வேண்டியது ஒரு எக்ஸ்டென்ஷனை நிறுத்துவது, இன்னொருவருக்கு வேண்டியது உடனே பேக்கப். இருவருக்கும் ஒரே மருந்து தருபவர் இரண்டாமவருக்குச் செய்வது தீங்கு. டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க்கை எடுத்த எடுப்பில் ஓடவிடச் சொல்லும் அறிவுரையும் இதே ரகம்: அதன் ‘/r’ சோதனை ஒவ்வொரு செக்டாரையும் படித்துத் தேய்ந்த டிஸ்க்கை மேலும் வாட்டும். முதலில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்கவேண்டும். சந்தேகம் இருந்தால் ஃபைல்களை வெளியே நகலெடுக்கவேண்டும். மற்ற எந்த வைத்தியமும் அதற்கு அப்புறம். கணினியைக் கடையில் கொடுப்பவர், “டிஸ்க் எப்படி இருக்குன்னு பாத்தீங்களா?” என்று கேட்டுவிட்டு, அந்தத் திரையைத் தன் கண்ணால் பார்த்த பிறகே ஃபார்மட்டுக்குச் சம்மதிக்க வேண்டும்.